இராமன் கண்ட நிறம்

உயிர்களை அவை பெற்ற புலனறிவின் எண்ணிக்கையால் வகுப்பது தொல்காப்பிய மரபியலும் சமண நூல்களும் ஒருங்கே கொண்ட நெறி. அப்புலன்களுள் செவியையும் கண்ணையும் வாழ்நாள் முழுவதும் ஆய்வுக்குரியனவாகக் கொண்டவர் சர் சி.வி. இராமன்.

1888 நவம்பர் 7ஆம் நாள் திருவானைக்காவலில் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1907இல் கல்கத்தாவில் அரசின் நிதித்துறைப் பணியில் அமர்ந்தார். அலுவலகம் செல்லுமுன்னும் திரும்பிய பின்னும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடமே அவர் இல்லம். அங்கு அவரை முதலில் ஈர்த்தது ஓசை. வட்டத்தோலை அறைந்தால் எழும் மேலொலிகள் பொதுவாக ஒன்றோடொன்று இயைவதில்லை. சுருதி துலங்காமல் இரைச்சலே செவிக்கு எட்டும். மிருதங்கத்தின் வலந்தலை நடுவே அப்பும் கருஞ்சாந்தோ அம்மேலொலிகளை அடிப்படை ஒலியின் இரண்டு, மூன்று மடங்குகளாக இசைந்து நிற்கச் செய்கிறது என்று 1920இல் விளக்கினார். கணக்கறியாக் கைவினைஞர்கள் செவியொன்றையே அளவுகோலாகக் கொண்டு கண்ட நுட்பம் அது!

1921இல் கப்பலில் நாடு திரும்பும்போது நடுநிலக் கடலின் நீலம் அவரை ஆட்கொண்டது. கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்பே என்பது பேரறிஞர் ரேலீயின் கொள்கை. இராமன் ஒரு சிறு பட்டகத்தின்வழி நோக்கி, மேற்பரப்பின் எதிரொளியை விலக்கினார். நீலம் மறையவில்லை, மேலும் துலங்கியது. அந்த வினாவின் தொடர்ச்சியே 1928இல் இராமன் விளைவாகவும் 1930இல் நோபல் பரிசாகவும் முடிந்தது.

ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருக்கு 1933இல் வந்தவர், இறுதிவரை அங்கேயே தங்கினார். தாம் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் ரோஜாத் தோட்டம் வளர்த்தார். இன்று ஓசூர்ப் பசுமைக்குடில்களில் விளையும் ரோஜாக்களைக் கண்டிருந்தால் நிறமாலைமானியுடன் புறப்பட்டு வந்திருப்பார்.

முதுமையில் அவர் கேட்டது எளிய கேள்வி: நிறத்தை நாம் எவ்வாறு உணர்கிறோம்? ஒளிமிக்க வெண்திரையை வண்ணக் கண்ணாடியின்வழி சிறிது நேரம் நோக்கி, பார்வையை அசைக்காமல் கண்ணாடியைச் சட்டென அகற்றுவார். அப்போது திரையில் தோன்றும் வண்ணக்காட்சி விழித்திரையின் செயலையே காட்டுகிறது என்பது அவர் துணிபு. மஞ்சள் தனித்ததோர் உணர்வு என்றார். கண்ணில் மூவகை நிற ஏற்பிகளே உள்ளன எனும் யங், ஹெல்ம்ஹோல்ட்சு கொள்கையை அடியோடு மறுத்தார். 1968இல் பார்வையின் உடலியல் பற்றித் தனிநூலே வெளியிட்டார்.

அறிவுலகம் அதை ஏற்கவில்லை. அந்நூல் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அமெரிக்க ஆய்வாளர்கள் கூம்பணுக்களில் மூவகை நிறமிகளை அளந்து காட்டியிருந்தனர். இதை மறைத்து எழுதுவது இராமனுக்குப் பெருமையன்று. எனினும் அவர் கண் பொய் சொல்லவில்லை. மூவகை அணுக்களின் செய்திகளை விழித்திரை நரம்புகளும் மூளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டே நிறத்தை உணர்கின்றன. அவ்வொப்பீட்டில் மஞ்சள், நீலத்துக்கு எதிராகத் தனி நிறமாகவே நிற்கிறது. கண்டது சரி; அதனால் ஏற்பிகள் மூன்றல்ல என்று முடிவு செய்ததே பிழை. ரேலீயை மறுக்கத் துணிந்த அதே உள்ளம்தான் இங்கும் பேசியது. ஆனால் இம்முறை அளவைகள் எதிர்ப்பக்கம் இருந்தன.

1970 நவம்பர் 21ஆம் நாள் காலமானார். ஆராய்ச்சி நிலையத் தோட்டத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது.