ஜார்ஜ் பிரெடெரிக் ஸ்டில்

ஜார்ஜ் பிரெடெரிக் ஸ்டில் (பெப்ரவரி 27, 1868 – ஜூன் 28, 1941) ஓர் ஆங்கிலேயக் குழந்தைநல மருத்துவர் ஆவார். இங்கிலாந்தின் முதல் குழந்தைநல மருத்துவப் பேராசிரியர் இவரே. பிரித்தானியக் குழந்தைநல மருத்துவத்தின் தந்தை எனவும் குறிப்பிடப்படுகிறார். குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சலோடு மூட்டுகளையும் உள்ளுறுப்புகளையும் தாக்கும் ஒரு நோயை இவர் விரிவாக விளக்கினார். அந்நோய் இவரது பெயரால் ஸ்டில் நோய் என அழைக்கப்படுகிறது.

இளமையும் கல்வியும்

ஸ்டில் லண்டனின் ஹாலோவே பகுதியில் பிறந்தார். மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் பள்ளியில் பயின்ற பின்னர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களைக் கற்று 1888 இல் முதல் வகுப்பில் தேறினார். அதன் பின்னரே லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். தொடர்ந்து கிரேட் ஆர்மண்ட் தெருவிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார்.

ஸ்டில் நோய்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், குழந்தைகளுக்கு வரும் நாட்பட்ட மூட்டழற்சி பெரியவர்களின் முடக்குவாதமே எனப் பொதுவாகக் கருதப்பட்டது. ஸ்டில் 22 குழந்தைகளைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்தார். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு மூட்டு வீக்கத்துடன் காய்ச்சல், நிணநீர்க் கணுக்களின் வீக்கம், மண்ணீரல் பெருக்கம் ஆகியனவும் காணப்பட்டன. இதயத்தைச் சூழ்ந்த உறையும் சிலருக்குப் பாதிக்கப்பட்டிருந்தது. இவற்றைக் கொண்டு, இது பெரியவர்களின் நோயிலிருந்து வேறுபட்டது என்ற முடிவுக்கு வந்தார். இந்த ஆய்வுக் கட்டுரை 1896 இல் லண்டனில் வாசிக்கப்பட்டு 1897 இல் வெளியானது. அப்போது இவருக்கு வயது 30கூட நிரம்பவில்லை.

நோயை இனங்காணல்

இந்நோயில் காய்ச்சல் நாள்தோறும் ஒன்று அல்லது இரண்டு முறை, பெரும்பாலும் மாலையில், 39 பாகை செல்சியசு அல்லது அதற்கு மேல் உயர்ந்து, பின்னர் இயல்பு நிலைக்கு இறங்கும். காய்ச்சலின்போது சோர்ந்து கிடக்கும் குழந்தை அது தணிந்ததும் ஓரளவு தெளிவடைந்து காணப்படும். காய்ச்சல் ஏறும் நேரத்தில் தோலில் வெளிர் சிவப்புத் தடிப்புகள் தோன்றி மறைவதுண்டு. பரம்பரையாக வரும் மத்தியதரைக் கடற்பகுதிக் காய்ச்சல் போன்ற நோய்களிலோ, சில நாட்கள் நீடிக்கும் காய்ச்சல் நின்று, இடைவெளி விட்டு மீண்டும் வரும். எனவே, உடல் வெப்பநிலையை நாள்தோறும் பலமுறை குறித்து வைப்பது நோயறிதலுக்குப் பெரிதும் உதவுகிறது.

மூட்டு வலி சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் தொடங்கி வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்தே வெளிப்படும். இந்நோயை உறுதிப்படுத்தும் தனிச் சோதனை எதுவும் இல்லை. நோய்த்தொற்றும் இரத்தப் புற்றுநோயும் இல்லை என்பதை முதலில் உறுதி செய்தல் வேண்டும். காலம் தாழ்த்தினால் மூட்டுகள் சிதைவதோடு, கட்டுக்கடங்காத அழற்சி கல்லீரலையும் இரத்த அணுக்களையும் பாதித்து உயிருக்கு ஆபத்தை விளைவிக்கலாம்.

பிற பணிகள்

1902 இல் லண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் ஸ்டில் ஆற்றிய சொற்பொழிவுகள், அறிவுத்திறன் குன்றாதிருந்தும் தம் நடத்தையைக் கட்டுப்படுத்த இயலாத குழந்தைகளைப் பற்றியவை. கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டைப் பற்றிய தொடக்ககால விளக்கங்களுள் ஒன்றாக இவை கருதப்படுகின்றன. 1906 இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியரானார். 1909 இல் குழந்தை நோய்கள் குறித்த பாடநூலையும், 1931 இல் குழந்தைநல மருத்துவத்தின் வரலாற்றையும் வெளியிட்டார். 1928 இல் உருவான பிரித்தானியக் குழந்தைநல மருத்துவர் சங்கத்தின் முதல் தலைவராக விளங்கினார். 1937 இல் சர் பட்டம் பெற்றார். திருமணம் செய்துகொள்ளாத இவர் தம் வாழ்நாளைக் குழந்தைகளின் மருத்துவத்திற்கே செலவிட்டார். 1941 இல் சாலிஸ்பரியில் காலமானார். இவரது கவிதைத் தொகுப்பு அதே ஆண்டில் வெளியானது.

பிற்கால வளர்ச்சி

ஸ்டில்லின் காலத்தில் இந்நோய்க்குப் பயனுள்ள மருந்து இருக்கவில்லை. பின்னர் பயன்பாட்டுக்கு வந்த ஸ்டீராய்டு மருந்துகள் காய்ச்சலைத் தணித்தன. ஆனால் நெடுங்காலம் கொடுத்தபோது குழந்தைகளின் வளர்ச்சியைக் குன்றச் செய்தன. உடலின் இயற்கை நோயெதிர்ப்பு அமைப்பு மிகையாகத் தூண்டப்படுவதே இந்நோயின் அடிப்படை என்பதும், அதில் இன்டர்லியூக்கின்-1, இன்டர்லியூக்கின்-6 ஆகிய புரதங்களுக்கு முக்கியப் பங்குண்டு என்பதும் பிற்காலத்தில் அறியப்பட்டன. இவற்றின் செயலைத் தடுக்கும் டோசிலிசுமாப் 2011 இலும், கனாகினுமாப் 2013 இலும் குழந்தைகளின் இந்நோய்க்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

1971 இல் எரிக் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் பெரியவர்களுக்கும் இதே நோய் வருவதை விளக்கினார். குழந்தைகளுக்கு வருவதும் பெரியவர்களுக்கு வருவதும் நெடுங்காலம் இரு வேறு பெயர்களால் வழங்கப்பட்டு வந்தன. 2024 இல் வெளியான ஐரோப்பிய மருத்துவப் பரிந்துரைகள் இரண்டையும் ஒரே நோயாகக் கொண்டு, அதற்கு ஸ்டில் நோய் என்ற பெயரையே பயன்படுத்தின.