எழுத்தாணி ஏந்திய துறவி: வீரமாமுனிவர்

புனித சூசையப்பர் நான்கு நற்செய்தி நூல்களிலும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கனவில் வானதூதர் உரைத்ததைக் கேட்டார், எழுந்தார், உரைத்தபடியே செய்தார். அப்படி மௌனமாய் வாழ்ந்த புனிதருக்கு 3,615 பாடல்களால் தமிழில் ஒரு பெருங்காப்பியம் உண்டு. அதைப் பாடியவர் தமிழரல்லர். தமிழகத்து மறைப்பணித் தளத்துக்கு வந்து சேர்ந்தபோதே அவருக்கு வயது முப்பது. அவர்தாம் வீரமாமுனிவர். மறைபரப்ப வந்த ஒரு குரு எழுத்தாளராகவும் அழைக்கப்பட்ட வரலாற்றை இவ்விழா மலரில் நினைவுகூர்வது நம் பங்கு மக்களுக்கு நன்மை பயக்கும்.

ஞானப்பிரகாசியாரின் ஊரிலிருந்து

இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்றோர் ஊர். இளைஞர்களின் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியார் பிறந்த ஊரும் அதுவே. அங்கே 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்தவர் கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி. சூசையப்பரின் பெயர் அவரோடு சேர்ந்தே வந்தது. 1698-இல் சேசு சபையில் சேர்ந்து, கல்வியும் இறையியலும் முடித்து, 1709-இல் குருப்பட்டம் பெற்றார். மறுவருடமே கடல் கடந்து கோவா வந்திறங்கினார். 1711-இல் மதுரை மறைப்பணித் தளத்தை அடைந்தார்.

அது எளிதான பணித்தளமன்று. 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் புனித அருளானந்தர் ஓரியூரில் இரத்தம் சிந்தி இன்னும் இருபது ஆண்டுகூட ஆகவில்லை. பெஸ்கி அடிகளாரும் 1714-15 ஆண்டுகளில் மரண தண்டனைக்கு உள்ளாகி, இறையருளால் தப்பினார். தம் பெயரின் பொருளுக்கேற்பத் தைரியநாதர் என்று அழைக்கப்பட்டவர், பிற்காலத்தில் வீரமாமுனிவர் என்று போற்றப்பட்டார்.

மாணவராய் அமர்ந்த குரு

இத்தாலியை விட்டுப் புறப்பட்டபோது அவர் புகழ் பெற்ற கவிஞரல்லர். நூல் எழுத வேண்டுமென்று அவர் கப்பலேறவும் இல்லை. ஆனால் இங்கு வந்த பின் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். தமிழ் மக்கள் அறத்தையும் பக்தியையும் பாட்டிலே பாதுகாத்து வைத்தவர்கள். நம் திருமறையைப் பலர் பறங்கியர் மதம் என்று ஒதுக்கினார்கள். நற்செய்தி இம்மக்களின் நெஞ்சில் இறங்க வேண்டுமானால், அது இவர்களுடைய மொழியின் ஆடையை உடுத்தியே வரவேண்டும். தத்துவ போதகர் நூறாண்டுக்கு முன் காட்டிய வழியும் அதுதான்.

ஆகவே படித்துப் பட்டம் பெற்ற குரு மீண்டும் மாணவரானார். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் பயின்றார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. காவி உடை தரித்து, மரக்கறி உண்டு, துறவியின் எளிமையில் வாழ்ந்து, ஓலைச்சுவடிகளில் மூழ்கினார். திருக்குறளைக் கற்று அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார்.

தேவையே அழைப்பானது

அவருடைய நூல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பெரும்பாலும் ஒவ்வொரு நூலுக்குப் பின்னும் யாரோ ஒருவருடைய தேவை நிற்கிறது. அக்காலத்தில் ஓர் ஊருக்குக் குருவானவர் ஆண்டில் சில முறை வருவதே அரிது. செபம் சொல்லிக் கொடுப்பவரும், மரணத் தறுவாயில் இருப்பவருக்குத் துணை நிற்பவரும் உபதேசியாரே. அந்த உபதேசியார்களுக்காக 1727-இல் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார். புதிதாய் வரும் குருக்கள் மக்களின் பேச்சைப் புரிந்துகொள்ளக் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். தமிழ் கற்போருக்காகத் தொன்னூல் விளக்கத்தில் ஐந்திலக்கணத்தையும் சுருக்கித் தந்தார். சொற்பொருள் தேடுவோருக்காக 1732-இல் சதுரகராதி பிறந்தது. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகளாய் அமைந்த அகராதி அது. சிரித்துப் படிக்கப் பரமார்த்த குரு கதையும் தந்தார்.

நாம் இன்று எழுதும் எழுத்திலும் அவர் கைவண்ணம் உண்டு. முன்னாளில் எகரக் குறிலுக்கும் ஒகரக் குறிலுக்கும் புள்ளி வைப்பதே வழக்கம். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே அதை விட்டுவிடுவார்கள். குறிலா நெடிலா என்று படிப்பவர் தடுமாறுவார். வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்து, ஏ, ஓ என நாம் எழுதும் முறைக்கு வழி செய்தார். படிப்பவரின் சிரமம் உணர்ந்தவர் செய்த தொண்டு இது.

எல்லாவற்றுக்கும் மணிமுடி தேம்பாவணி. மூன்று காண்டங்கள், முப்பத்தாறு படலங்கள். 1726-இல் நிறைவுற்ற இக்காப்பியத்தில் சூசையப்பர் வளன் என்னும் தமிழ்ப் பெயரோடு வருகிறார். ஸ்பானிய நாட்டுக் கன்னியர் அகிர்தா மரியாளின் நூலைத் தழுவிய கதையானாலும், அதில் தமிழ் நிலத்தின் வளமும் காப்பிய மரபும் நிறைந்திருக்கின்றன. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவுக்குத் திருக்காவலூர்க் கலம்பகம் பாடியவரும் அவரே. அம்மண்ணின் மக்கள் நடுவே, மறைப்பணிகளுக்கு இடையே எழுதப்பட்டவை இவை. செபமும் எழுத்தும் அவருக்கு இரண்டு வேறு தொழில்களல்ல.

மறைக்கக் கூடாத ஒன்று

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1706 முதல் தரங்கம்பாடியில் பணியாற்றிய லுத்தரன் சபையாரோடு அவர் கடுமையாக வாதிட்டார். வேத விளக்கம் போன்ற நூல்களில் அந்தக் கடுமை தெரியும். இரு தரப்பாரும் அவ்வாறே எழுதிய காலம் அது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வாழும் நாம் பிரிந்த சகோதரரைப் பற்றி அந்த நடையில் எழுத மாட்டோம். ஆனாலும் இறைவனின் செயல் வியப்புக்குரியது. அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் அச்சேறியது தரங்கம்பாடி லுத்தரன் அச்சகத்திலேயே! வாதத்தில் பிரிந்திருந்தவர்களைத் தமிழ்ப்பணி ஒரே அச்சுக்கூடத்தில் சந்திக்க வைத்தது.

விதைத்தவர் காணாத விளைச்சல்

வீரமாமுனிவர் 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் கேரளத்து அம்பலக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். அருளானந்தர் தலை கொடுத்த அதே நாள்! அவர் இரத்தத்தால் சாட்சி சொன்னார். இவர் எழுத்தாணியால் சாட்சி சொன்னார். தேம்பாவணியை அச்சில் காணும் பேறு இவருக்குக் கிட்டவில்லை. நூறாண்டு கழித்து, 1851 முதல் 1853 வரை, புதுவையில் அது அச்சாயிற்று. 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. ஓலையில் எழுதிய கை இவற்றில் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அன்பார்ந்த பங்கு மக்களே! அழைத்தல் என்றாலே குருத்துவத்தையும் துறவறத்தையும் மட்டும் நினைக்கிறோம். எழுதும் திறமையும் ஆண்டவர் தந்த தாலந்துதான். மறைக்கல்வி மாணவருக்கு நாடகம் எழுதும் ஆசிரியை, பாடற்குழுவுக்குப் பாட்டு இயற்றும் இளைஞர், விசுவாசிகளின் மன்றாட்டை எழுதித் தரும் தாய், இம்மலருக்கென முதன்முதலாய் ஒரு கவிதை எழுதிக் கொடுத்த சிறுமி ஆகிய எல்லோருக்கும் முனிவரின் வாழ்வு ஒரு பாடம் கற்பிக்கிறது. என்ன எழுதலாம் என்று தேடி அலைய வேண்டாம். யாருக்கு எது தேவை என்று முதலில் பாருங்கள். அந்தத் தேவைக்குள்ளே இறைவனின் அழைப்பு காத்திருக்கும்.

பேசாத சூசையப்பருக்குச் சொல் தந்த முனிவரின் வழியில், சொல்லத் தெரியாதவர்களுக்காக எழுதும் கைகளை நம் பங்கிலும் இறைவன் எழுப்புவாராக!