இசைத்தமிழுக்குச் சான்று தேடியவர்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்துப் போற்றுவது நம் மரபு. இவற்றுள் இயற்றமிழுக்குத் தொல்காப்பியம் போன்ற பழைய இலக்கணம் கிடைத்தது. இசைத்தமிழின் நிலை அவ்வாறன்று. பெருநாரை, பெருங்குருகு முதலிய இசைநூல்கள் மறைந்தமையைச் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் தம் காலத்திலேயே பதிவு செய்தார். நூல் அழிந்தபின் அந்நூல் கூறிய இசையை மீட்டெடுப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண்பதில் தம் வாழ்வின் பிற்பகுதி முழுவதையும் செலவிட்டவர் ஆபிரகாம் பண்டிதர்.

இளமையும் கல்வியும்

ஆபிரகாம் பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் முத்துசாமி, அன்னம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். பாடம் பயின்றதோடு அவர் நின்றுவிடவில்லை. நிழற்படக்கலை, அச்சுக்கலை, சோதிடம் எனப் பலவற்றையும் ஆர்வத்துடன் கற்றார். அங்கேயே சடையாண்டி பத்தர் என்பாரிடம் வயலின் பயின்றார். எதனையும் செய்து பார்த்தே ஏற்றுக்கொள்ளும் இயல்பு அவரிடம் இளமையிலேயே வேரூன்றியது.

சித்த மருத்துவத்திலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. சுருளிமலைப் பகுதியில் கருணானந்தர் என்னும் துறவியைக் கண்டு மூலிகை மருத்துவ நுணுக்கங்களை அறிந்தார். ஆசிரியையான ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தபின் தஞ்சாவூரில் குடியேறி, அங்கே இருவரும் ஆசிரியப் பணியாற்றினர். பின்னர் அப்பணியை விட்டு மருத்துவத்தையே தொழிலாகக் கொண்டார். தஞ்சைக்கு அருகே தோட்டம் அமைத்து மூலிகைகளை வளர்த்தார். தம் ஆசானின் நினைவாக அத்தோட்டத்திற்குக் கருணானந்தபுரம் எனப் பெயரிட்டார். அவர் ஆக்கிய மருந்துகள் நாடெங்கும் புகழ்பெற்றன. அத்தொழிலில் ஈட்டிய பொருளே பிற்காலத்தில் இசையாய்வுக்குத் துணைநின்றது.

சேலத்திலிருந்து எழுந்த வினா

இசைத்தமிழின் சான்றுகளைத் தேடியவருக்குப் பெருந்துணையாக வாய்த்த நூல் சிலப்பதிகாரம். அந்நூல் அவர் கைக்கு எட்டிய வரலாற்றில் சேலத்திற்கும் பங்குண்டு. சேலத்தைச் சேர்ந்த இராமசாமி முதலியார் 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் முன்சீபாகப் பொறுப்பேற்றார். அங்குக் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையரிடம், பிற்கால நூல்களுக்கு முற்பட்ட சீவக சிந்தாமணி முதலியவற்றைப் படித்ததுண்டா என வினவினார். அவ்வொரு வினா உ.வே.சா.வைப் பழைய ஏடுகளின் பக்கம் திருப்பியது. சிந்தாமணி 1887ஆம் ஆண்டும், அரும்பதவுரையுடனும் அடியார்க்கு நல்லார் உரையுடனும் கூடிய சிலப்பதிகாரம் 1892ஆம் ஆண்டும் அவர் பதிப்பில் அச்சேறின. ஏடுகளில் அடங்கிக் கிடந்த இசைச் செய்திகள் அதன்பின் அனைவரும் எடுத்துப் படிக்கும் பொருளாயின.

சான்றும் சோதனையும்

மாதவியின் ஆடலுக்குத் துணைநின்ற ஆசான்களின் திறத்தை விளக்கும் அரங்கேற்று காதையிலும், ஏழு சுரங்களின் பெயர் தாங்கி ஆயர் மகளிர் எழுவர் வட்டமாக நின்று ஆடும் ஆய்ச்சியர் குரவையிலும் இசையிலக்கணக் குறிப்புகள் செறிந்துள்ளன. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன தமிழர் கண்ட ஏழு சுரங்கள். வட்டத்தைப் பன்னிரண்டு இராசி வீடுகளாகப் பகுத்து, அவற்றில் இவ்வேழையும் நிறுத்திப் பண்களைப் பிறப்பிக்கும் முறையை உரையாசிரியர்கள் கூறியிருந்தனர். படிப்போர் பலர் இலக்கியச் செய்தியாகக் கடந்து சென்ற இப்பகுதியைப் பண்டிதர் கணக்காகப் படித்தார்.

குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவு, இன்றைய வழக்கில் சட்சமத்திற்கும் பஞ்சமத்திற்கும் உள்ள உறவாகும். ஒரு சுரத்திலிருந்து அதன் இளியையும், அவ்விளியிலிருந்து மற்றோர் இளியையும் கண்டுகொண்டே சென்றால் பன்னிரண்டு வீடுகளும் நிறைந்து, தொடங்கிய இடத்திற்கே வட்டம் திரும்பும். பிழையின்றித் திரும்ப வேண்டுமாயின் வீடுகளின் இடைவெளிகள் சமமாக அமைதல் வேண்டும். ஒவ்வொரு வீட்டையும் இரண்டாகப் பகுத்தால் ஒரு தாயிக்கு இருபத்து நான்கு சுருதிகள் கிடைக்கும். இதுவே பண்டிதர் கண்ட முடிபு.

சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரத்தை அடியொற்றி, சுருதிகள் இருபத்திரண்டு என்னும் கொள்கை அன்று அறிஞரிடையே நிலைபெற்றிருந்தது. தமிழ் உரைகளில் ஏழு சுரங்களுக்கும் கூறப்பட்ட அலகுகளைக் கூட்டினாலும் இருபத்திரண்டே வரும். தம் கொள்கைக்குத் தடையான இச்சான்றைப் பண்டிதர் மறைக்கவில்லை. இருபத்து நான்கில் இரண்டு அலகுகள் பண்ணிசைக்கும் பழக்கத்தில் குறைத்துக் கொள்ளப்பட்டன என விளக்கம் தந்தார். விரிவான கணித அட்டவணைகளை வகுத்தும், வீணையில் இசைத்தும் அவ்விளக்கத்தைச் சோதித்தார்.

அவையில் வைத்த ஆய்வு

தாமே கண்டு தாமே மகிழ்வதை ஆய்வு எனப் பண்டிதர் கருதவில்லை. 1912ஆம் ஆண்டு தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். இசைவாணரையும் புலவரையும் அழைத்துத் தம் சொந்தச் செலவில் ஆறு மாநாடுகளை நடத்தினார். மாற்றுக் கருத்துடையோரும் அவற்றில் வாதிட்டனர். 1916ஆம் ஆண்டு பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டிலும் தம் கொள்கையை எடுத்துரைத்தார். அவர் குடும்பத்துப் பெண்கள் அதனை இசைத்துக் காட்டினர். எல்லோரும் அம்முடிபை ஏற்றனர் எனக் கூற இயலாது. ஆயினும், இந்திய இசையைப் பற்றிய விவாதத்தில் தமிழ்ச் சான்றுகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்னும் நிலையை அம்முயற்சி உருவாக்கியது.

அச்சில் நிலைத்த இசை

செவிவழியே வாழும் இசை, இசைப்போர் மறைந்தால் தானும் மறையும். இவ்வச்சம் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. இதே காலத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே ராக்டைம் என்னும் பியானோ இசை தழைத்திருந்தது. அதனைச் சுரக்குறிப்பில் எழுதி நிலைபெறச் செய்தவருள் தலையாயவர் ஸ்காட் ஜாப்ளின். 1899ஆம் ஆண்டு வெளியான அவரது மேப்பிள் லீப் ராக் பெரும்புகழ் பெற்றது. அவ்விசையைப் பயில்வோருக்கென 1908ஆம் ஆண்டு ஒரு பயிற்சி நூலையும் அவர் வெளியிட்டார். அவர் மறைந்த 1917ஆம் ஆண்டிலேதான் தஞ்சையில் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது.

ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கு மேல் விரிந்த அப்பெருநூலை, தாமே நிறுவிய அச்சகத்தில் பண்டிதர் பதிப்பித்தார். பழந்தமிழ் நூற்பகுதிகள், உரைகள், வடமொழி நூற்கருத்துகள், கணித அட்டவணைகள், தென்னாட்டு இசைவாணர் பற்றிய குறிப்புகள் ஆகியன அதில் ஒருங்கே இடம்பெற்றன. பண்டிதர் தம் முடிபை மட்டும் எழுதிச் செல்லாமல், அம்முடிபுக்கு அடிப்படையான சான்றுகளையும் முன்வைத்தார். எனவே, அவருடன் உடன்படாதவரும் அந்நூலையே துணைக்கொண்டு அவரை மறுக்க இயன்றது.

மறைவும் தொடர்ச்சியும்

1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் ஆபிரகாம் பண்டிதர் மறைந்தார். முற்றுப்பெறாதிருந்த ஆய்வின் இரண்டாம் பகுதி, அவர் மகள் மரகதவல்லியின் முயற்சியால் பின்னர் நூலாயிற்று. 1943ஆம் ஆண்டு சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. 1947ஆம் ஆண்டு விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் வெளிவந்தது. பண்டிதர் தொடங்கிய தேடல் இவ்வாறு பலர் கைக்கு மாறி வளர்ந்தது.

அவர் கூறிய முடிபுகளுள் சிலவற்றைப் பின்வந்தோர் ஏற்றனர், சிலவற்றை மறுத்தனர். சிதறிக் கிடந்த சான்றுகளை ஓரிடத்தில் தொகுத்து, கணக்கிட்டு, இசைத்துப் பார்த்து, கற்றோர் அவையில் வைத்த அவரது நெறியோ இன்றும் ஆய்வாளருக்கு வழிகாட்டுகிறது. ஏட்டில் எழுத்தாக மட்டுமே எஞ்சிய இசைத்தமிழை மீண்டும் செவிக்குரியதாக்க முனைந்ததே ஆபிரகாம் பண்டிதரின் வாழ்நாள் தொண்டு.