வ.வே.சு. ஐயரும் ஒரு கைத்துப்பாக்கியும்

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் பின்கதவை உடைத்துத் திருடிவிட்டார்கள். அடுத்த வாரமே, வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற என் அண்டை வீட்டு நண்பர் ஒரு படிவத்துடன் வந்தார். தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கோரும் விண்ணப்பம் அது. பிள்ளைகள் இருவரும் அயல்நாட்டில். வீட்டில் அவரும் மனைவியும் மட்டுமே. படிவத்தைச் சரிபார்த்துத் தருமாறு கேட்டார். மறுநாள் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை நடைப்பயிற்சியில் ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவைக் கடந்தபோது, பாரதியார் வாழ்ந்த வீட்டைவிட அவருடைய நண்பர் ஒருவரின் நினைவே மேலோங்கியது. கைத்துப்பாக்கி என்ற சொல்லைப் புதுவையின் வரலாற்றோடு சேர்த்துச் சொன்னால், படித்தவர்களுக்கு உடனே நினைவுக்கு வரும் பெயர் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் என்னும் வ.வே.சு. ஐயர்தான்.

1881 ஏப்ரலில் திருச்சியை அடுத்த வரகனேரியில் பிறந்தவர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்று, வழக்கறிஞராகி, ரங்கூனுக்குச் சென்று தொழில் நடத்தி, 1907இல் பாரிஸ்டர் பட்டத்துக்காக லண்டன் லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்தார். மேல்நாட்டு நாகரிகத்தில் மோகம் கொண்ட இளைஞராகவே அவர் கப்பலேறினார் என்பர். இந்தியா ஹவுஸ் விடுதியும் அங்கிருந்த சாவர்க்கரும் அவரை வேறு மனிதராக்கினர். குத்துச்சண்டை, நீச்சல், துப்பாக்கி சுடுதல் என்று உடலையும் கையையும் பழக்கிக்கொண்டார்.

இங்கே ஒரு பொருளியல் ஆசிரியனின் குறுக்கீட்டைப் பொறுத்தருள வேண்டும். அந்நாளைய லண்டனில் ஒருவர் அஞ்சலகத்தில் பத்து ஷில்லிங் செலுத்தினால் துப்பாக்கி உரிமச் சீட்டைப் பெற்றுக்கொள்ளலாம். அதே பேரரசின் கீழிருந்த திருச்சியிலோ 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, அரசு அதிகாரி மனம் வைத்தாலன்றி இந்தியர் ஒருவர் ஆயுதம் வைத்திருக்க இயலாது. ஐரோப்பியருக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு இருந்தது. தன் வீட்டைத் தானே காத்துக்கொள்ளும் தகுதி தோலின் நிறத்தைப் பொறுத்தது என்று சட்டமே சொன்னால், தன்மானமுள்ள இளைஞனின் கண்ணுக்குத் துப்பாக்கி வெறும் கருவியாகத் தெரியாது. விடுதலையின் அடையாளமாகவே தெரியும். ஐயரின் தலைமுறைக்கு நேர்ந்தது அதுதான்.

1909இல் லண்டனில் மதன்லால் திங்கரா கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். அதே ஆண்டு டிசம்பரில் நாசிக்கில் ஆட்சியர் ஜாக்சன் கொல்லப்பட்டார். அதற்குப் பயன்பட்ட பிரவுனிங் கைத்துப்பாக்கி, சாவர்க்கர் லண்டனிலிருந்து அனுப்பிய இருபதில் ஒன்று. பெட்டியின் பொய்யடித்தட்டில் மறைத்துக் கொண்டுவரப்பட்டவை அவை. 1910 மார்ச்சில் சாவர்க்கர் கைதானார். அரச விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்துப் பாரிஸ்டர் பட்டத்தைத் துறந்த ஐயர், பாரிஸ் வழியாகத் தப்பிப் புறப்பட்டார். பெட்டியின் மேலிருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துகளைக் கண்டு ஐயுற்ற உளவாளியிடம், அது வீர விக்ரம சிங் என்று விடை சொன்னாராம். தாடியும் அதற்கு ஒத்துழைத்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் புதுவை வந்து சேர்ந்துவிட்டார். பாரதியார் 1908 முதலும், அரவிந்தர் 1910 ஏப்ரல் முதலும் இங்கிருந்தனர்.

பிரெஞ்சுக்காரரின் புதுவை, பிரிட்டிஷ் சட்டம் எட்டாத சிறு நிலம். இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்து நிற்கும் எல்லையில், ஒரு பக்கம் அரிதாக இருப்பது மறுபக்கத்திலிருந்து கசிந்துகொண்டே இருக்கும். இன்று பெட்ரோலையும் மதுவையும் பார்க்கும் எவருக்கும் இதைப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. அன்று கசிந்தவற்றுள் துண்டுப் பிரசுரங்கள் இருந்தன. துப்பாக்கியும் இருந்தது.

1911 தொடக்கத்தில், திருவிதாங்கூர் வனத்துறையில் எழுத்தராக இருந்த செங்கோட்டை வாஞ்சிநாதன் விடுப்பெடுத்துக்கொண்டு புதுவை வந்தார். ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றார் என்று பின்னர் ரௌலட் குழுவின் அறிக்கை பதிவு செய்தது. பயிற்சி நடந்த இடம் கருவடிக்குப்பத்துத் தோப்புப் பக்கம் என்று இவ்வூரில் இன்றும் சொல்வார்கள்.

பிரவுனிங் வகைத் துப்பாக்கியைப் பற்றி எனக்கு ஏட்டறிவு மட்டுமன்று. 1960களின் பிற்பகுதி. எனக்கு எட்டு வயதிருக்கும். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியத்துடன் திரும்பியவர்களைப் புதுவையில் சொல்தா என்போம். எங்கள் தெருவில் அத்தகைய பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டு மேசை இழுப்பறையில், கைக்குட்டைகளுக்கு அடியில், ஒரு சிறு கறுப்புத் துப்பாக்கியை நானும் அவருடைய பேரனும் கண்டெடுத்தோம். பேரன் அதைப் பிடித்த பிடியில், பிடிக்குள்ளிருந்த தோட்டாக்கூடு கழன்று தரையில் விழுந்தது. குண்டெல்லாம் கீழே வந்துவிட்டது, இனி இது பொம்மைதான் என்று நாங்கள் முடிவு கட்டினோம். அவன் அதை என் பக்கம் திருப்பிய வேளையில் பாட்டி உள்ளே வந்துவிட்டார். அவர் போட்ட கூச்சலில் பெரியவர் ஓடிவந்து, துப்பாக்கியைப் பிடுங்கிச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி, மேற்பகுதியைப் பின்னால் இழுத்தார். உள்ளேயிருந்து இன்னொரு தோட்டா தெறித்து விழுந்தது.

பின்னாளில்தான் அதன் பொருள் விளங்கியது. இவ்வகைத் துப்பாக்கியில் தோட்டாக்கூட்டை உருவிவிட்டாலும், ஏற்கெனவே குழலுக்குள் ஏறிவிட்ட ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். பக்கத்திலுள்ள பாதுகாப்புப் பூட்டு ஒரு சிறு நெம்புகோல்தான். அதைத் தள்ள எட்டு வயதுக் கட்டைவிரலே போதும். ஆகையால்தான், எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே கருத வேண்டும், அதன் வாயை யார் பக்கமும் திருப்பக் கூடாது, சுட முடிவெடுக்கும்வரை விசையில் விரல் வைக்கக் கூடாது என்று பயிற்சியாளர்கள் முதல் நாளிலேயே ஓதுகிறார்கள். பெரியவர் போர்முனை கண்டவர். தன் கையைப் பற்றி அவருக்கு ஐயமே இருந்ததில்லை. இழுப்பறையைத் திறக்கக்கூடிய பிற கைகளை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

ஐயரின் கையும் உறுதியான கைதான். ஆனால் அவர் பயிற்றுவித்த கை வேறொருவருடையது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில், கொடைக்கானலிலிருந்த தம் பிள்ளைகளைக் காண மனைவியுடன் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்த திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ், மனைவியின் கண்ணெதிரே சுடப்பட்டார். வாஞ்சி நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடி, அதே துப்பாக்கியால் தம்மையும் முடித்துக்கொண்டார். அது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரவுனிங். மூன்றாண்டுகள் கழித்து, சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்று உலகப்போருக்குத் திரி கொளுத்திய துப்பாக்கியும் பெல்ஜியத்துப் பிரவுனிங்தான்.

வாஞ்சியின் தியாகத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. வ.உ.சி.யின் கப்பல் நிறுவனம் நசுக்கப்பட்டதும், அவர் சிறையில் செக்கிழுத்ததும் நெல்லைச் சீமையின் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்த காலம் அது. ஆனாலும் வாஞ்சியின் இளம் மனைவி பொன்னம்மாளும், ஆஷின் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் வரவேண்டியவர்களே. சதி வழக்கில் பதினான்கு பேர் விசாரிக்கப்பட்டு, நீலகண்ட பிரம்மசாரிக்கு ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பிரிட்டிஷ் மண்ணில் இல்லாத ஐயர் மட்டும் கைக்கெட்டவில்லை.

கைக்கெட்டாதவரைச் சிக்கவைக்க வேறு வழி தேடினார்கள். அயலார் தங்க வேண்டுமானால் ஊர்ப் பெரியவர் ஐவரின் நற்சான்று வேண்டும் என்று பிரெஞ்சு அரசு விதித்தது. அதைப் பெற்றுத் தந்தவர்களும் புதுவைக்காரர்களே. 1912இல் ஐயர் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு ஜாடி வெளிப்பட்டது. அதற்குள் காளி படமும், புரட்சிச் சதி நடப்பதாகக் காட்டும் போலிக் கடிதங்களும் இருந்தன. உளவாளிகளின் கைவேலை அது. நண்பர்கள் கூடி ஆலோசித்து, சோதனை போட வருமுன்னர்த் தாமே பிரெஞ்சுக் காவல்துறையிடம் அதை ஒப்படைத்தனர். விசாரிக்க வந்த நீதிபதி, அரவிந்தரின் அலமாரியில் கிரேக்க, லத்தீன் நூல்களைக் கண்டு வியந்து திரும்பியது தனிக்கதை. நம் வீட்டில் உள்ள பொருளுக்கு, அதை வைத்தவர் யாராயினும், நாம்தான் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. மனைவி பாக்கியலட்சுமியோடும் குழந்தையோடும் வாழ்ந்த வீட்டில், அந்த ஜாடியைக் கண்ட இரவு ஐயருக்கு உறக்கம் வந்திருக்குமா என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

அதன்பின் புதுவையில் அவர் ஆண்டுகளைச் செலவிட்ட விதம் வேறு. 1915இல் வெளிவந்த குளத்தங்கரை அரசமரத்தைத் தமிழின் முதற் சிறுகதை என்பார் பலர். அது சரியா என்ற விவாதம் இலக்கியக்காரர்களுடையது. திருக்குறளை முழுமையாக ஆங்கிலத்தில் பெயர்த்து 1916இல் வெளியிட்டார். உலகப்போர் முடிந்து பொதுமன்னிப்பு வந்ததும் 1920இல் தாயகம் திரும்பினார். தேசபக்தன் ஆசிரியரானார். காந்தியடிகளின் வழியை ஏற்றார். அரசுக்கு எதிரான எழுத்துக்காக 1921இல் பெல்லாரிச் சிறைக்குப் போனார். அங்கே கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆய்வு எழுதினார். கற்றவன் கையிலிருந்து ஆயுதம் நழுவியது தோல்வியால் மட்டுமன்று என்றே நான் கருதுகிறேன்.

சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலத்தைப் பற்றி மழுப்பிப் பேசுவதில் பயனில்லை. பொதுப்பணம் பெற்ற அவ்விடத்தில் பிராமணச் சிறுவர்க்குத் தனிப்பந்தி இருந்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்தது முற்றிலும் நியாயம். பேரரசை எதிர்த்து நின்றவரால் பெற்றோர் சிலரின் பிடிவாதத்தை எதிர்த்து நிற்க முடியவில்லை. அந்தக் கசப்பு ஆறுமுன், 1925 ஜூன் முதல் வாரத்தில், மாணவர்களோடு பாபநாசம் அருவிக்குச் சென்றார். மகள் சுபத்திரை கால் தவறி வெள்ளத்தில் விழ, காக்கப் பாய்ந்த தந்தையையும் நீர் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு 44 வயது.

மறுநாள் நண்பரிடம் படிவத்தைக் கொடுத்தேன். இன்றைய ஆயுதச் சட்டம் 1959ஆம் ஆண்டினது. உரிமம் கோருவோர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், ஆயுதத்தைப் பத்திரமாக வைக்க இடம் உண்டென்று உறுதி தர வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டு விதிகள். இவற்றைச் சொல்லிவிட்டு, எங்கே வைப்பதாக எண்ணம் என்று கேட்டேன். தலையணைக்கு அருகிலுள்ள மேசையில், குண்டு நிரப்பி என்றார். பூட்டிய இரும்புப் பெட்டியில், குண்டுகளை வேறொரு பெட்டியில் வைத்தால் திருடன் வரும் இரவில் என்ன பயன் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். உடனே கைக்கு எட்டும் துப்பாக்கி பிறர் கைக்கும் எட்டும். பிறருக்கு எட்டாதது அவசரத்தில் நமக்கும் எட்டாது. விரல்ரேகைக்குத் திறக்கும் சிறு பெட்டகங்கள் இப்போது கிடைக்கின்றன. அவையும் இடைவெளியைக் குறைக்கின்றனவே தவிர, முற்றிலும் அடைப்பதில்லை. குழலில் குண்டேற்றாமல் வைப்பதும் அப்படியே.

திருடன் என்றேனும் ஓர் இரவு வரலாம், வராமலும் போகலாம், பேரப்பிள்ளைகளோ ஆண்டு தவறாமல் மே மாதம் வருகிறார்கள் என்றேன். இழுப்பறைக் கதையையும் சொன்னேன். என் வயதில் இருக்கும் அந்தப் பேரன் இன்றும் எனக்கு நண்பன் என்பதைச் சேர்த்துச் சொன்னேன்.

நண்பர் பின்கதவுக்கு இரும்புச் சட்டம் அடித்துவிட்டார். விண்ணப்பம் இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது. பயிற்சிச் சான்றிதழ் என்ற கட்டத்தை மட்டும் நிரப்பாமல் வைத்திருக்கிறார்.