தேசபந்து தாசரும் கல்கத்தா மேயர் பதவியும்

ஒரு கூட்டத்தாரின் வாக்கினாற் பதவி பெற்றவர் அக்கூட்டத்தார்க்கு மட்டுமே உரியரோ, ஊரார் அனைவர்க்கும் உரியரோ? சங்கம் அமைத்துப் பணிபுரியும் நம்மனோர் உள்ளத்தில் இவ்வினா எழாதிராது. இதற்குத் தம் வாழ்வால் விடை பகர்ந்தவர் தேசபந்து சித்தரஞ்சன் தாசர்.

இவர் 1870-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5-ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். இங்கிலாந்து சென்று பாரிஸ்டராய் மீண்டகாலை, குடும்பம் கடனில் ஆழ்ந்திருந்தது. தந்தையும் மைந்தரும் திவாலாயினர். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்காக வாதாடி 1909-இல் அவரை விடுவித்தபின், தாசருக்குப் புகழும் பொருளும் பெருகின. அப்பொழுது, சட்டம் வற்புறுத்தாதிருந்தும், பழங்கடன் முழுவதையும் தீர்த்தார். ஒத்துழையாமை இயக்கம் எழுந்ததும் அப்பெருவருவாயைத் துறந்தார். 1921-இற் சிறையும் புகுந்தார்.

அதுகாறும் கல்கத்தா நகராட்சியின் தலைவரை அரசாங்கத்தாரே நியமித்துவந்தனர். 1923-ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை மாற்றி, அங்கத்தினர்களே மேயரைத் தேர்ந்தெடுக்குமாறு செய்தது. பெண்டிர்க்கும் வாக்குரிமை அளித்தது. 1924-இல் நடந்த தேர்தலில் தாசர் தலைமை பூண்ட சுயராஜ்யக் கட்சியார் வென்றனர். அவரே முதல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

வங்கத்தில் முஸ்லிம்கள் தொகையிற் பாதிக்கு மேற்பட்டோராயினும், உத்தியோகங்களிற் சிலரேயாயிருந்தனர். இக்குறை நீங்காமல் ஒற்றுமை நிலைபெறாதென்று கண்ட தாசர், 1923-இலேயே அவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்திருந்தார். அவ்வாண்டு காக்கிநாடாவிற் கூடிய காங்கிரஸ் மகாசபை அதனை ஏற்கவில்லை. ஆயினும் அவர் தளர்ந்திலர். மேயரானபின் துணை மேயர் பதவி சுஹ்ரவர்த்தி என்னும் முஸ்லிம் இளைஞர்க்கு வாய்த்தது. நகராட்சி உத்தியோகங்களில் முஸ்லிம்கள் பலர் அமர்ந்தனர். தம்மவர்க்குரிய இடங்கள் பிறர்க்குப் போயினவென்று அவர்தம் இனத்தாரே முணுமுணுத்தனர். தாசர் அதற்கு அஞ்சிக் கொடுத்ததைத் திரும்பப் பெற்றிலர். 27 வயதினரான சுபாஷ் சந்திர போஸை நிருவாகத் தலைமை அதிகாரியாக்கி, இலவசத் தொடக்கக் கல்விக்கும் ஏழைகளின் மருத்துவத்திற்கும் வழி கோலினார்.

தம் இல்லத்தையும் பொதுநலத்திற்கு ஈந்தார். அது பின்னர்ப் பெண்டிர்க்குரிய மருத்துவமனையாயிற்று. 1925-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் நாள் டார்ஜிலிங்கில் உயிர் நீத்தார். அவர் மறைந்தபின் அவ்வுடன்படிக்கையும் கைவிடப்பட்டது, ஒற்றுமை குலைந்தது, 1947-இல் வங்கமே இரண்டாயிற்று.

தந்தை பட்ட கடனைத் தன் கடனாக ஏற்றவர், முன்னோர் செய்த பாராமுகத்தையும் தாம் தீர்க்கவேண்டிய கடனாகவே கருதினார் போலும். நம் குலத்தாருள் ஒருவர் ஊர்ப்பதவி எய்துங்கால், அவர் நமக்கு என் செய்தாரென வினவுதல் எளிது. அயலார்க்கு உரியதை அளித்தாரோ என வினவுதலே நம் சங்கத்திற்குப் பெருமை தருவதாகும்.