காசநோய்க்கு மண்ணில் கிடைத்த மருந்து: யார் இந்த வாக்ஸ்மன்?

காசநோய் வந்தாலே அவ்வளவுதான் என்றிருந்த காலம். பென்சிலினும் கைகொடுக்கவில்லை. அப்போது மண்ணுக்குள் மருந்து தேடியவர் செல்மன் வாக்ஸ்மன்.

1888-ல் இன்றைய உக்ரைனில் பிறந்து, 1910-ல் அமெரிக்கா போனார். ரட்கர்ஸில் விவசாயம் படித்து, அங்கேயே பேராசிரியரானார். மழை பெய்ததும் மண்வாசனை வருமே, அதற்குக் காரணமான ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்கள்தான் அவர் உலகம். மற்ற கிருமிகளை அடக்கும் ரசாயனங்களை இவை சுரக்கும். அதையே மருந்தாக்கினால் என்ன?

1943-ல் அவரது மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ், அடித்தள ஆய்வகத்தில் ராப்பகலாக உழைத்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோயைக் குணப்படுத்திய முதல் ஆன்டிபயாடிக்!

ஆனால் புகழ் வாக்ஸ்மனுக்கே போனது. ராயல்டியிலும் பங்கு வந்தது. 1950-ல் மாணவர் வழக்குப் போட்டார். சமரசத்தில், இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற அங்கீகாரமும் ராயல்டியில் 3 சதவீதமும் கிடைத்தன. 1952 நோபல் பரிசோ வாக்ஸ்மன் ஒருவருக்கு மட்டும். 1973-ல் அவர் மறைந்தார். ஷாட்ஸுக்கு ரட்கர்ஸ் பதக்கம் தந்தது 1994-ல்தான்.