மஞ்சேரி மக்கள் மூன்று முறை தேர்ந்தெடுத்த திருநெல்வேலிக்காரர்

படிக்காத முஸ்லிம்கள் யோசிக்காமல் மொத்தமாக ஓட்டுப் போட்டுவிடுவார்கள் என்ற பேச்சு ஒவ்வொரு தேர்தலின்போதும் நம் காதில் விழுகிறது. அப்படிப் பேசுகிறவர்கள் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களின் வாழ்க்கையையும், அவரை 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மக்களவைக்கு அனுப்பிய மஞ்சேரி வாக்காளர்களையும் சற்று அறிந்துகொள்ள வேண்டும். அந்த வாக்காளர்களில் பெரும்பாலோர் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த தலைவரிடமும் பட்டம் இல்லை என்பது பலருக்குத் தெரியாது.

திருநெல்வேலிப் பேட்டையில் 1896 ஜூன் 5 அன்று பிறந்தவர் இஸ்மாயில் சாஹிப். நெல்லை, திருச்சி, சென்னை என்று மூன்று ஊர்களில் படித்தார். கல்லூரியில் பி.ஏ. தேர்வு எழுத வேண்டிய நேரம் வந்தபோது, 1920-ல், ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுத் தேர்வைப் புறக்கணித்து வெளியே வந்தார். அந்தக் காலத்தில் ஒரு முஸ்லிம் இளைஞர் பி.ஏ. முடித்தால் அரசுப் பதவி காத்திருக்கும். அதை வேண்டாம் என்றுவிட்டுத் தோல் வணிகத்தில் இறங்கினார். பின்னர் முஸ்லிம் லீகில் சேர்ந்து சென்னை மாகாணத் தலைவராக உயர்ந்தார்.

1946 மாகாணத் தேர்தலில் லீக் பெற்ற வெற்றியால் சென்னை சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரானார். ஆனால் அந்தத் தேர்தலில் எல்லோருக்கும் ஓட்டு இல்லை. சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒரு தகுதி இருந்தால்தான் வாக்காளர் பட்டியலில் பெயர் வரும். மாகாண மக்களில் மிகப் பெரும்பாலோர் வாக்குச்சாவடிக்கு வெளியேதான் நின்றார்கள். எனவே அன்று அவருக்குக் கிடைத்தது வசதியுள்ளவர்களும் படித்தவர்களும் கொடுத்த வெற்றி. கூலி வேலை செய்கிற முஸ்லிம் அவரைப் பற்றி என்ன நினைத்தார் என்பது அப்போது தெரியவில்லை. அது தெரிவதற்கு வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை வர வேண்டியிருந்தது.

இடையில் நாடு பிரிந்தது. லீகின் பெரிய தலைவர்கள் பலர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்கள். இங்கே எஞ்சியிருந்தவர்களில் பலர் கட்சியையே கலைத்துவிடலாம் என்றார்கள். அந்த நிலையில் 1948 மார்ச் 10 அன்று சென்னையில் கூட்டம் கூட்டி இந்திய யூனியன் முஸ்லிம் லீகைத் தொடங்கினார் காயிதே மில்லத். அதே ஆண்டு நவம்பரில், பொது சிவில் சட்டம் குறித்த பிரிவு அரசியல் நிர்ணய சபைக்கு வந்தபோது, தனியார் சட்டத்தைக் கைவிடும்படி எந்தச் சமூகத்தையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார். திருத்தம் தோற்றது. அவர் மனம் தளரவில்லை. 1952 முதல் 1958 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார்.

சரி, நெல்லைக்காரர் மஞ்சேரிக்கு எப்படிப் போனார்? 1956-ல் கேரள மாநிலம் உருவாகும்வரை மலபார் சென்னையோடு இணைந்த ஒரு மாவட்டம். மலபார் லீகர்களுக்கு அவர் ஏற்கெனவே சட்டமன்றத்தில் தலைவர். தமிழகத்தில் முஸ்லிம்கள் ஊருக்கு ஊர் சிதறி வாழ்கிறார்கள். தனித்து நின்று மக்களவைத் தொகுதி ஒன்றை வெல்வது கடினம். ஏறநாட்டில் நிலைமை வேறு. மஞ்சேரியில் 1957-ல் பி. போக்கர் சாஹிப் வென்றிருந்தார். 1962-ல் காயிதே மில்லத் வேட்பாளர் ஆனார்.

ஏறநாட்டு மாப்பிள்ளைமார் யார்? பெரும்பாலும் குத்தகை விவசாயிகள், கூலிகள், சிறு வியாபாரிகள். 1921 கிளர்ச்சியும் அதை அடக்கிய விதமும், மூடிய ரயில் பெட்டியில் மூச்சுத் திணறி இறந்த கைதிகளின் நினைவும் அந்தக் குடும்பங்களில் ஆறாமல் இருந்தன. பள்ளிக்கூட மலையாளம் வாசிக்கத் தெரியாத பலருக்கு மதரஸாவில் கற்ற அரபு மலையாளம் வாசிக்கத் தெரியும். நம் பாட்டிமார் அரபுத் தமிழ் வாசித்ததைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்திரிகா நாளிதழைத் தேநீர்க்கடையில் ஒருவர் படிக்கப் பலர் கேட்பார்கள். எழுத்தே தெரியாதவருக்கும் சின்னம் தெரியும். லீகின் சின்னம் ஏணி. மலையாளத்தில் அதைக் கோணி என்பார்கள்; நமக்குக் கோணி என்றால் சாக்குப் பை!

இந்த மக்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். கம்யூனிஸ்டுகள் குத்தகைக்காரருக்கு நிலம் தருவோம் என்றார்கள். அது வெற்று வாக்குறுதியும் அல்ல. காங்கிரஸ் 1960-ல் லீகின் ஆதரவோடு ஆட்சிக்கு வந்துவிட்டு, அமைச்சரவையில் ஓர் இடம்கூடத் தரவில்லை. சபாநாயகர் பதவி மட்டும் தந்தது. சீதி சாஹிபின் மறைவுக்குப் பின் சி.எச். முஹம்மது கோயா அந்த நாற்காலியில் அமர, கட்சி உறுப்பினர் பதவியை விட வேண்டியிருந்தது. லீகின் ஓட்டு வேண்டும், லீக் வேண்டாம் என்பதுதான் இதன் பொருள். அதை விளங்கிக்கொள்ளப் பட்டப்படிப்பு தேவைப்படவில்லை. 1962-ல் இரு பெரிய கட்சிகளையும் எதிர்த்து லீக் தனித்து நின்றது. மஞ்சேரி காயிதே மில்லத்தைத் தேர்ந்தெடுத்தது.

வேட்புமனு தாக்கல் செய்ய ஒரு முறை போவார், வெற்றிக்கு நன்றி சொல்ல மறு முறை போவார் என்று அவரைப் பற்றி இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் இப்படிச் சொல்லும்போது ஊர் ஊராக நடந்த தொண்டர்களின் உழைப்பு மறைந்துபோகிறது. கோழிக்கோட்டில் அரிசி வணிகம் செய்த பாஃபக்கி தங்ஙள் அவர்களும் கல்லூரிப் படிப்பால் உயர்ந்தவர் அல்லர். அவரைப் போன்றவர்கள் மக்களோடு மக்களாக நின்றதால்தான், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் மலையாளிகளின் வீட்டுப் பிள்ளையானார். குரோம்பேட்டையில் அவர் வாழ்ந்த எளிய வாழ்க்கையும் இதற்குத் துணை நின்றது. பதவியைக் கொண்டு சொத்துச் சேர்த்தார் என்று எதிரிகளும் சொன்னதில்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1967-ல் லீக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்தது. 1971-ல் இந்திரா காங்கிரஸ் இருந்த அணியில் நின்றது. இரண்டு முறையும் மஞ்சேரி அவரோடு நின்றது. இதைத்தான் கண்மூடித்தனம் என்கிறார்கள். அந்த ஓட்டுகள் என்ன பெற்றுத்தந்தன என்று பாருங்கள். 1967 அமைச்சரவையில் லீகுக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. கல்வித் துறை சி.எச். கோயாவிடம் வந்தது. 1968-ல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் வளாகம் அமைந்த தேஞ்ஞிப்பலம் இன்று மலப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டமும் 1969 ஜூன் 16 அன்று, கடும் எதிர்ப்புக்கிடையே உருவானதுதான். கல்லூரிக்குப் போகாத வாப்பாக்களும் உம்மாக்களும் தங்கள் ஓட்டால் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் வாங்கிக் கொடுத்தார்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். தாய்த் தமிழகத்தில் அவருக்கு இத்தகைய அடித்தளம் அமையவில்லை. தி.மு.க.வோடு 1967-ல் ஏற்பட்ட உறவு மரியாதையையும் சில இடங்களையும் தந்தது. ஆனால் நம் கைத்தறி நெசவாளர்களையும் மீனவர்களையும் பீடி சுற்றும் பெண்களையும் ஏறநாட்டைப் போல ஓர் அரசியல் சக்தியாகத் திரட்ட முடியவில்லை. சிதறி வாழ்வது ஒரு காரணம். அது மட்டுமே காரணமா என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

1972 ஏப்ரல் 5 அன்று, மஞ்சேரியின் உறுப்பினராக இருக்கும்போதே, காயிதே மில்லத் சென்னையில் வஃபாத்தானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டு நடந்த இடைத்தேர்தலில், கேரள அமைச்சர் பதவியை விட்டுவிட்டு வந்து நின்ற சி.எச். முஹம்மது கோயாவை மஞ்சேரி மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்.